உன் ஸ்னோபோர்டை நானே காரில் பூட்டினேன்

தம்பி,

பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்த ஒஸ்லோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் உன் கதவு தெரிகிறது. எழும்பிப் போய்த் தட்டலாம்தான். தட்டினால் நீ "பிறகு, அப்பா" என்பாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அம்மா விடியவே முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டா, பின்னேரம்தான் வருவா. வீட்டில் நீயும் நானும்தான். உனக்குத் தமிழ் வாசிக்க வரும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போய்ப் படிப்பித்தோமே, அது வீண்போகவில்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அதனால் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதுகிறேன். நீ மெதுவாக வாசிக்கிறவன் என்பதில் எனக்கு இன்றைக்கு ஒரு சந்தோசம். வாசித்து முடிக்கிற வரைக்குமாவது என்னோடு இருப்பாய்.

நீ வேலை பார்த்த பேர்கனில் இருந்து வந்த நேரம் இங்கே மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இப்போது குளிர்கால விடுமுறை வாரம். இடையில் ஒரு தீபாவளி போனது, ஒரு நத்தார் போனது, பொங்கலும் போனது. ரயிலடியில் உன்னைக் கூப்பிட வந்தேன். ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை, தோளில் அந்த நீட்டு உறைக்குள் ஸ்னோபோர்டு. "கொஞ்ச நாளைக்கு இஞ்சை நிக்கட்டோ அப்பா?" என்று கேட்டாய். இதென்ன கேள்வி என்று நான் சிரித்தேன். முப்பது வயசுப் பிள்ளை தகப்பன் வீட்டில் நிற்க உத்தரவு கேட்டால் அதிலே ஏதோ இருக்கிறது என்று ஒரு மனிசனுக்கு விளங்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. அம்மா கதவைத் திறந்த உடனேயே விளங்கிக்கொண்டா. நீ குளிக்கப் போன பிறகு, "இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டா. "பயணக் களைப்பு" என்றேன். ஸ்னோபோர்டை நீயே கீழ்த்தளத்துச் சாமானறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு நீ கீழே இறங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வைத்தியர் வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதித் தந்திருப்பதாகச் சொன்னாய். எனக்கும் இடுப்பில் நாரி பிடித்தபோது அப்படித்தான் எழுதித் தந்தார்கள். நாரி என்றால் தைலம் பூசலாம், கட்டிலில் பலகை போட்டுப் படுக்கலாம். உனக்கு என்ன செய்வது என்று கேட்டால் வைத்தியர் "பொறுமையாக இருங்கள், நெருக்காதீர்கள்" என்கிறாராம். பொறுமை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதா, ஏதாவது செய்துகொண்டே இருப்பதா என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் ஆட்களுக்குத் துக்கம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். செல் குண்டு விழுந்தது, வீடு போனது, ஆளைக் காணவில்லை, இப்படி ஏதாவது. காரணத்தைச் சொன்னால் பத்துப் பேர் வந்து இருந்து அழுதுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். காரணம் சொல்லத் தெரியாத துக்கத்தோடு ஒரு பிள்ளை கட்டிலில் கிடந்தால் நாங்கள் கையைப் பிசைவோம், பிறகு கோபப்படுவோம். நானும் கோபப்பட்டேன். "உனக்கென்னடா குறை?" என்று கேட்டேன். படிப்பு இருக்கு, வேலை இருக்கு, குண்டு விழாத நாடு இருக்கு என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்கு முதல் எங்களோடு இருந்து சாப்பிட்டாய், அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கோப்பை உன் கதவடிக்குப் போனது. பிறகு ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று, சொன்னது பிழை என்று சொன்னேன். "ஓகே, அப்பா" என்றாய். நீ சண்டை பிடித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

போன கிழமை குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடை வாசலில் சிவமண்ணை பிடித்துக்கொண்டார். கோவிலில் அவருக்குத் தெரியாமல் ஒரு கலியாணமும் நடக்காது, உனக்குத்தான் தெரியுமே. "தம்பி பேர்கனிலைதானே?" என்றார். "ஓம் அண்ணை, அங்கைதான்." "விடுமுறைக்கு வரேல்லையோ?" "வேலை கூட அண்ணை. பெரிய புறொஜெக்ட்." என் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. "கெட்டிக்காரப் பிள்ளை. நாங்கள் பட்ட பாட்டுக்கு இவையளாவது நல்லா இருக்கினம்" என்று அவர் என் தோளில் தட்டினார். நான் முருங்கைக்காயைக் கொண்டு ரயிலேறினேன். அம்மாவும் இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறா என்று தெரிந்து, முன்பு அவவோடு சண்டை பிடித்தவன் நான். அன்று அம்மா வைத்த கறியில் நீ பாதியை மிச்சம் விட்டாய். உன் கோப்பை வெளியே வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் நின்று, நேற்றையிலும் பார்க்கக் கூடச் சாப்பிட்டிருக்கிறாயா குறையவா என்று பார்ப்போம். கூட என்றால் அம்மா அன்றைக்குப் பாட்டுக் கேட்பா.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நான் பயந்துபோயிருக்கிறேன். உன் குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது. சத்தம் கேட்கப் பிந்தினால் காரணம் இல்லாமல் கொரிடோரில் நடப்பேன், அலுமாரியைத் திறந்து மூடுவேன், இருமுவேன். நீ உள்ளே புரண்டு படுப்பது கேட்டால் திரும்பி வந்து கதிரையில் இருப்பேன். எதற்குப் பயப்படுகிறேன் என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே உனக்கு விளங்கும்.

இன்றைக்குக் காலையில் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் பாதிக் கார்களின் கூரையில் ஸ்கீ. மேல்மாடிப் பாகிஸ்தான் குடும்பம்கூடப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கூரையில் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு புறப்பட்டது. நோர்வேக்காரன் பிறக்கும்போதே காலில் ஸ்கீயோடு பிறக்கிறான் என்று இங்கே சொல்வார்கள். நீயும் இங்கே பிறந்தவன்தான், உன் காலில் ஸ்கீ இல்லாமல் நாங்கள்தான் வளர்த்தோம். எனக்கு எங்கள் முதல் பயணம் ஞாபகம் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயசு. வகுப்பில் எல்லோரும் மலைக்குப் போகிறார்கள், நானும் போக வேண்டும் என்று நின்றாய். என்னோடு வேலை செய்த ஒரு நோர்வேக்காரர் கார் மாற்றியபோது தன் பழைய கூரை றாக்கை எனக்குத் தந்தார். குறுக்குக் கம்பி இரண்டு, அவற்றின் மேல் ஸ்கீயைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் வாய்கள். நீ அவற்றுக்கு முதலை என்று பேர் வைத்தாய். நான் தனியாகவே பூட்டினேன். ஊரில் பஸ் கூரையில் வெங்காய மூட்டை கட்டினவனுக்கு இது ஒரு வேலையா என்று ஒரு மிதப்பு. கடைசியில், புதுச் சாமான் நனையக் கூடாது என்று இரண்டு சோடி ஸ்கீயையும் கறுப்புக் குப்பைப் பைகளால் சுற்றி, மேலே டேப்பும் ஒட்டினேன். அம்மா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தா. நசித்துக்கொண்டு புறப்பட்டோம்.

லில்லஹம்மர் வீதியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கூரை ஊளையிடத் தொடங்கியது. அம்மா முருகா முருகா என்றா. பிறகு பைகள் காற்றில் உப்பிப் படபடவென்று அடித்துக் கிழிய, பின்னால் வந்த கார்கள் எல்லாம் லைட் அடித்தன. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். நீ இறங்கி மேலே பார்த்துவிட்டு, "ஹேரெகூட், அப்பா" என்று கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தாய். "ஏன் இதைச் சுத்தினீங்கள்?" "நனையாதே தம்பி." "அப்பா, இது ஸ்னோவிலை ஓடுற சாமான். நனையாமல் பொத்தி வைக்க இதென்ன அப்பளமே?" அம்மா சிரித்த சிரிப்பில் காருக்குள் சரிந்துவிட்டா. எனக்கு வெட்கம், ஆனால் நீ சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து படியில் ஏறி நின்று முன்கம்பியைத் தடவிப் பார்த்தாய். "அம்புக்குறி முன்னுக்குப் பாக்கோணும். நீங்கள் மாறிப் பூட்டியிருக்கிறியள். அதுதான் ஊதுது." பெற்றோல் நிலையத்துப் பனிக்குள் நின்று எல்லாவற்றையும் கழட்டி, திருப்பி, ஸ்கீயின் வளைந்த நுனி பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துப் பூட்டினாய். நான் கதவு அடித்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்த றாக்கில் என்னைக் கைவைக்க நீ விட்டதே இல்லை. "நீங்கள் கதவைப் பிடியுங்கோ, அப்பா" என்பாய். உன் மச்சாளின் கலியாணத்துக்கு மணவறைத் தூண்களை அதே முதலை வாயில் கொடுத்து ஒஸ்லோவைச் சுற்றிக் கொண்டுபோனபோதும் நான் கட்டிய முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு நீதான் திரும்பப் பூட்டினாய்.

பிழையாகக் கிடக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டு உன்னால் தாண்டிப் போக ஏலாது. அது சின்ன வயசிலிருந்தே உள்ள குணம். சுவரில் படம் சரிந்திருந்தால் போன வீட்டிலும் எழும்பிப் போய் நிமிர்த்துவாய். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கி கீச்சிட்டால் மேடைக்குப் பின்னால் போய் வயரை மாற்றிவிட்டு வருவாய். நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால், உன்னை விழுத்தியது அந்தக் குணம்தானோ என்று இருக்கிறது. அங்கே அலுவலகத்தில் மற்றவர்கள் பிழையாக விட்டதையெல்லாம் நீ ஒருவனாக நிமிர்த்திக்கொண்டிருந்தாயோ, என்னவோ. உன்னை அப்படி வளர்த்தது நாங்கள்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்து வந்தால் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்ட சனம் நாங்கள். உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிழையாகக் கிடக்கிற எல்லாவற்றுக்கும் நீ பொறுப்பில்லை. இதைச் சொல்லிவிட்டு நான் இன்றைக்குச் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பாய், அல்லது எரிந்து விழுவாய். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்.

சாமானறைக்குப் போய் றாக்கையும் ஸ்னோபோர்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். காரை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து உன் யன்னலுக்கு நேர் கீழே கொண்டுவந்து விட்டேன். என் திட்டம் இதுதான். எல்லாவற்றையும் பிழையாகப் பூட்டுவது. நீ சத்தம் கேட்டு யன்னலால் பார்ப்பாய். பார்த்தால் உனக்குப் பொறுக்காது. யன்னலைத் திறந்து "அப்பா, உங்களுக்கு விசரே?" என்று கத்துவாய். அது போதும் எனக்கு. கத்திவிட்டு யன்னலைச் சாத்தினாலும் போதும். இறங்கி வந்தாய் என்றால் அது முருகன் தந்தது. முன்கம்பியைப் பின்னாலும் பின்கம்பியை முன்னாலும் வைத்தேன். அம்புக்குறியைத் திருப்பினேன். ஸ்னோபோர்டின் நுனியை முன்னுக்குத் தூக்கி, காற்று முழுவதும் ஏறுகிற மாதிரி வைத்தேன். முதலை வாய் மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று பார்த்தால், சப்பாத்துக் கொழுவுகிற அந்த இரண்டு பிடிகளும் நடுவில் இடிக்கின்றன. அதை எப்படிச் சரிப்படுத்துவது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எது வேண்டுமென்று விட்ட பிழை, எது தெரியாமல் விட்ட பிழை என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே குழம்பிவிட்டது. றாக் ஆணி முடுக்குகிற அலன் கீயை வேண்டுமென்றே கூரையில் விழுத்தினேன், நல்ல சத்தம். "சே, இது ஏன் பூட்டுதில்லை" என்று உரத்துச் சொன்னேன். மேலே பார்த்தேன். திரை மூடியபடி இருந்தது. விரல் விறைத்துவிட்டது. மூன்றாம் மாடிதானே, கேட்டிருக்கும். நீ விழித்திருந்தால் கேட்டிருக்கும்.

அப்போதுதான் கீழ்வீட்டு ஆர்னெ வந்தார். நீ அவரை மறந்திருக்க மாட்டாய், ஞாயிறு தவறாமல் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிற அந்தக் கிழவர். இத்தனை வருசமாக நானும் அவரும் பனியைப் பற்றித்தான் கதைத்திருக்கிறோம். இந்த வருசம் கூட, போன வருசம் குறைவு, அவ்வளவுதான். என் வேலையைக் கண்டதும் அவருக்கு நடை நின்றுவிட்டது. "இப்படிப் போனால் பின்னால் வருகிற காரின் கண்ணாடியில்தான் இது போய் இறங்கும்" என்றார். கேட்காமலே என் கையில் இருந்த அலன் கீயை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் வரவில்லை. கம்பியைக் கழட்டிக்கொண்டே, "மகன் வந்திருக்கிறாரா? போர்டைக் காண்கிறேன்" என்று கேட்டார். சிவமண்ணைக்குச் சொன்ன பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நோர்வே மொழியில் நான் சொன்னது வேறு. "வந்திருக்கிறான். அவனுக்குச் சுகமில்லை. உடம்பில் இல்லை, மனசில். இலையுதிர் காலத்திலிருந்து அறையை விட்டு வருவதில்லை." இந்த வசனத்தை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த ஆளிடம்தான், தம்பி. தமிழில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூட இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. இப்போது தமிழில் எழுதிவிட்டேன்.

கையில் அலன் கீ இருந்தபடியால் அந்த மனிசன் தப்பிவிட்டார். கம்பிகளை மாற்றி, அம்புக்குறியைத் திருப்பி, ஸ்னோபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து, பிடிகள் இடிக்காமல் கொஞ்சம் சரித்து வைத்து, நுனியைப் பின்னுக்கு விட்டு, முதலை வாயை ஒரே அழுத்தில் மூடினார். ஆட்டிப் பார்த்தார், கார்தான் ஆடியது. பிறகு அலன் கீயை என் கையில் வைத்து, "அப்போ இது யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் உன் யன்னலை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் ஸ்கீயை எடுத்துக்கொண்டு, பழக்க தோசத்தில் "நல்ல பயணம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் முகம் சிவந்துபோனது. எனக்குத் தலையை ஆட்டிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்தார்.

நான் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வடிவாக இருந்தது. எந்த நோர்வேக்காரனின் காரும் அப்படித்தான் இருக்கும். இனி யன்னலால் யார் பார்த்தாலும் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒருவரும் இறங்கி வரத் தேவையில்லை. உன் வயசுப் பொடியன்கள் ஏறிப் புறப்பட வேண்டிய கார், ஏற ஆளில்லாமல், ஒரு பிழையும் இல்லாமல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவன் நான். அப்போதெல்லாம் ஓடுவதற்கு ஒரு திசை இருந்தது. உனக்கு இப்படி ஆன பிறகு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு எவ்வளவு தூரம் கொண்டுவந்து உன்னை வைத்தோம் என்று நினைத்தேன். அங்கேயும் உன்னைத் தேடி வந்துவிட்டதே, அது என்ன சாமான் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேலே திரை அப்படியே இருந்தது. நீ பார்க்கவில்லை என்பதில் அந்த நேரம் ஒரு நிம்மதியும் இருந்தது. தகப்பன் அழுகிறதையும் சேர்த்து நீ சுமக்க வேண்டாம்.

மூக்கைத் துடைத்துவிட்டு, ஆர்னெ பூட்டினதை எல்லாம் கழட்டினேன். நல்ல மனிசன், அவருக்கு நான் செய்தது துரோகம்தான். ஆனால் அவர் சரிசெய்ய வேண்டியவர் இல்லை. கம்பிகளைத் திரும்ப மாற்றினேன். அம்புக்குறியைத் திருப்பினேன். ஸ்னோபோர்டை நுனி முன்னுக்கு நிற்க வைத்து, முதலை வாயைப் பாதி மூடி, வாழைக்குலை கட்டுகிற மாதிரிக் கயிறு போட்டுக் கட்டினேன். பிறகு மேலே வந்து குசினி லாச்சியைத் திறந்து கறுப்புக் குப்பைப் பை எடுத்துக்கொண்டு போனேன். நனையக் கூடாதே. முழுவதையும் பையால் சுற்றி, டேப் ஒட்டினேன். ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டேன், காற்றுப் போகட்டும் என்று.

எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. நீ திரையை விலக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். வைத்தியர் கேட்டால் இதுவும் நெருக்குவதுதான் என்பார். உன்னை விழுத்தின குணத்தையே தூண்டிலில் கொழுவி விட்டிருக்கிறேன் என்றும் எனக்குத் தெரியும். வேறு இரை என்னிடம் இல்லை, தம்பி. உன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. உன் வேலை என்ன என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ யாரையாவது விரும்பினாயா, அது முறிந்ததா, ஒன்றும் தெரியாது. உன்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தப் பெற்றோல் நிலையத்தில் பார்த்ததுதான்.

பின்னேரம் அம்மா வருவா. காரைப் பார்த்துவிட்டு "இதென்ன கோலம்?" என்று கேட்பா. அவவுக்கு நான் விளங்கப்படுத்த மாட்டேன், அவவுக்கு விளங்கும். கழட்டச் சொன்னாலும் கழட்ட மாட்டேன். நாளைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போவேன். விடுமுறை முடிந்து எல்லோரும் தங்கள் றாக்கைக் கழட்டி வைத்த பிறகும் எங்கள் கார் அப்படியே நிற்கும். சிவமண்ணை அந்தப் பக்கம் வந்து "யாற்றை சாமான் இது?" என்று கேட்டால், "மகன்ரை. மகன் மேலைதான் இருக்கிறான்" என்று சொல்வேன். இனி அந்தப் பொய் என் வாயால் வராது.

வீட்டில் அந்த ஆணிக்கு ஏற்ற அலன் கீ ஒன்றுதான் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்து உன் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுகிறேன். இனி நானோ ஆர்னெயோ தொட ஏலாது. வெளியே காற்று எழும்பிவிட்டது, பை படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு இங்கே குசினி வரைக்கும் கேட்கிறது, உன் யன்னலுக்கு நல்லாய்க் கேட்கும். எப்போது என்றாலும் பரவாயில்லை. நீ வந்தால் நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், ஒன்றும் கேட்கவும் மாட்டேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா